இரைச்சல் வளர்ப்பு: ஸ்விட்சிங் ரெகுலேட்டர் வைத்திருப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

சத்தம் போடாமல் வேலை செய்யும் மின்சுற்றை இந்த உலகம் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து அறை ரேடியோவைக் கரகரக்க வைத்து, சென்சார் காட்டும் எண்ணைத் தள்ளாட வைத்து, ஹெட்போனில் ‘ஙொய்’ என்று ஒலி கிளப்பும் சுற்றைச் சுற்றித்தான் நாலு பேர் கூடுகிறார்கள். அந்தப் பெருமை உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கையேடு.

தேவையானவை: ஒரு 12 வோல்ட் அடாப்டர். எல்எம்2596 ஐசி பொருத்திய சின்ன ரெகுலேட்டர் போர்டு ஒன்று; சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் சல்லிசாகக் கிடைக்கும். 5 வோல்ட் கேட்கும் ஏதாவது ஒரு மைக்ரோகன்ட்ரோலர். இரண்டு மூன்று அடி வயர். அலட்சியம், வேண்டிய அளவு.

படி 1: அமைதியானவனை வெளியே அனுப்புங்கள்

உங்கள் வழியில் நிற்கும் முதல் தடை, பழைய 7805. மூன்று கால் உள்ள இந்த லீனியர் ரெகுலேட்டர் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும்போது மிச்சமுள்ள 7 வோல்ட்டையும் வெப்பமாக்கித் தள்ளிவிடும். 1 ஆம்பியர் இழுத்தால் 7 வாட் சூடு. ஹீட்சிங்க் இல்லாமல் தொட்டால் விரல் பழுத்துவிடும். ஆனால் ஓசை என்று ஒன்றும் இருக்காது. உங்களுக்கு இது சரிப்படாது.

ஸ்விட்சிங் ரெகுலேட்டர் வேறு குணம். அது எதையும் எரிப்பதில்லை, நறுக்குகிறது. உள்ளே இருக்கும் ஸ்விட்ச் 12 வோல்ட்டைக் குழாயைப் போல முழுதாகத் திறந்து முழுதாக மூடும். எல்எம்2596 இந்த வேலையை வினாடிக்கு 1,50,000 முறை செய்கிறது. ஸ்விட்ச் திறந்திருக்கும்போது காயிலில் மின்னோட்டம் ஏறும். மூடியதும் டயோடு வழியாகச் சுழன்று இறங்கும். வெளியே நிற்கும் கண்டன்சர் இந்த மேடுபள்ளத்தைச் சமன் செய்து சராசரியாக 5 வோல்ட் கொடுக்கும். சூடு குறைவு, பேட்டரி மிச்சம். விலையாக ஒன்றைத் தந்தாக வேண்டும்: நறுக்கிய ஒவ்வொரு வெட்டும் எங்காவது கேட்கும். எங்கே கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முழு உரிமையும் உங்கள் கையில் இருக்கிறது.

படி 2: எந்த வானொலியைக் கெடுப்பது என்று முடிவு செய்யுங்கள்

கூர்மையாக ஏறி இறங்கும் அலை தன் அடிப்படை அதிர்வெண்ணில் மட்டும் நிற்காது. அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று மெகாஹெர்ட்ஸ் கணக்கில் மேலே போய்க்கொண்டே இருக்கும். இது உங்களுக்குக் கிடைத்த வரம்.

எல்எம்2596-இன் தகவலேட்டில் 150 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தாலும், தனித்தனி ஐசி 127 முதல் 173 வரை எங்கேயும் ஓடலாம் என்று அதே ஏடு சலுகை தருகிறது. உங்கள் கைக்கு வந்தது 144-இல் ஓடுகிறது என்று வையுங்கள். அதன் ஐந்தாம் மடங்கு சரியாக 720 கிலோஹெர்ட்ஸ். அகில இந்திய வானொலியின் சென்னை ‘ஏ’ அலைவரிசை. 156-இல் ஓடினால் ஆறாம் மடங்கு 936, திருச்சி. எந்த ஊர்க்காரர் உங்களைத் திட்ட வேண்டும் என்பதை ஐசியின் ஜாதகம் தீர்மானிக்கும். 150 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லி விற்கும் போலி ஐசிகள் சில 50 பக்கத்திலேயே முனகுவதுண்டு. அவற்றை வாங்கினால் மத்திய அலைவரிசையில் முன்னைவிட மூன்று மடங்கு அதிக இடங்களில் உங்கள் கொடி பறக்கும்.

கார் எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் இந்த விஷயத்தில் மகா கஞ்சர்கள். கார் ரேடியோ கெட்டுவிடுமே என்று அஞ்சி, ரெகுலேட்டரை ஏஎம் பட்டைக்குக் கீழே 400 கிலோஹெர்ட்ஸிலோ, அதற்கு மேலே 2.1 மெகாஹெர்ட்ஸிலோ ஓட்டுவார்கள். செல்போன் சார்ஜர் செய்பவர்களில் பலர் 65 கிலோஹெர்ட்ஸைப் பிடித்துக்கொள்வார்கள். வயர் வழியே போகும் இரைச்சலுக்கு சிஸ்பர் (CISPR) என்ற சர்வதேச அமைப்பு வகுத்த வரம்புகள் பெரும்பாலான கருவிகளுக்கு 150 கிலோஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்குகின்றன. 65-உம் அதன் இருமடங்கான 130-உம் அந்த வாசலுக்கு வெளியே நின்றுகொள்ளும். இவ்வளவு கணக்குப் பார்த்து வாழ்கிறவர்களோடு உங்களுக்கு என்ன சகவாசம்?

படி 3: உள்ளீட்டுக் கண்டன்சரைத் தூரத்தில் வையுங்கள்

கையேட்டின் உயிர்நாடி இந்தப் படி. மற்றவற்றையெல்லாம் மறந்து இதை மட்டும் செய்தாலும் வெற்றி நிச்சயம்.

இரைச்சல் வெளிப்பக்கம் வருகிறது, ஆகவே குற்றவாளியும் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று ஊரே நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள். உண்மையில் வோல்ட்டைக் குறைக்கும் பக் ரெகுலேட்டரில் வெளிப்பக்க மின்னோட்டம் காயில் வழியாக வருவதால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். திடீரென்று பூஜ்யத்திலிருந்து முழு அளவுக்குத் தாவுவது உள்ளீட்டுக் கண்டன்சர், ஸ்விட்ச், டயோடு, திரும்பவும் கண்டன்சர் என்ற அந்தச் சின்ன வட்டத்தில்தான். வோல்ட்டை ஏற்றும் பூஸ்ட் ரெகுலேட்டரில் இதே பொல்லாத வட்டம் வெளிப்பக்கத்துக்கு மாறிவிடும்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி இலைக்குப் பக்கத்திலேயே இருந்தால் கேட்டதும் ஊற்றலாம். சமையற்கட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றால் வழியெல்லாம் ஓட்டமும் சிந்தலும். உள்ளீட்டுக் கண்டன்சர் அந்த வாளி. அதைச் சமையற்கட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கணக்கையும் பார்த்துவிடலாம். போர்டில் ஓடும் டிராக் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நானோஹென்றி என்று வைத்துக்கொள்வது தொழில் வழக்கம். கண்டன்சரைத் தள்ளி வைத்ததில் வட்டம் 2 சென்டிமீட்டர் நீண்டால் 20 நானோஹென்றி. வேகமான ரெகுலேட்டர் ஒன்று 2 ஆம்பியரை 10 நானோவினாடியில் திறந்தாலோ மூடினாலோ, அந்த 2 சென்டிமீட்டர் செம்புக்குக் குறுக்கே மட்டும் 4 வோல்ட் துள்ளும். நீங்கள் தயாரிப்பதே 5 வோல்ட் என்பதை நினைவில் கொண்டு பெருமைப்படுங்கள். துள்ளியது அதோடு அடங்காது; ஸ்விட்சிலும் டயோடிலும் ஒளிந்திருக்கும் சிறு கொள்ளளவோடு சேர்ந்து பத்து மெகாஹெர்ட்ஸிலிருந்து நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை மணி அடித்துக்கொண்டிருக்கும். எஃப்எம் ரேடியோவும் இனி உங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது.

படி 4: செம்பைத் தாராளமாக விரியுங்கள்

ஸ்விட்சும் டயோடும் காயிலும் சந்திக்கும் புள்ளி ஒன்று உண்டு. அங்கே வோல்ட்டேஜ் 0-வுக்கும் 12-க்கும் இடையில் ஓயாமல் குதிக்கிறது. ‘செம்பு அதிகமானால் சூடு தணியும்’ என்று எங்கோ படித்திருப்பீர்கள். அதை இங்கே கொண்டுவந்து நிறைவேற்றுங்கள். அந்தப் புள்ளியை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு விரித்தால், பக்கத்தில் போகும் ஒவ்வொரு சிக்னல் கம்பியோடும் அது கண்டன்சர் உறவு கொண்டாடும். சூட்டைத் தணிக்கக் குதிக்காத கிரவுண்டுச் செம்பு இருக்கிறதே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

காயில் வாங்கும்போது டிரம் வடிவத்தில், சுற்று வெளியே தெரிகிற திறந்த வகையாகக் கேளுங்கள். காந்தப்புலம் உள்ளேயே அடங்கிவிடும் மூடிய வகை சில ரூபாய்தான் அதிகம். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அந்தத் திறந்த காயிலுக்கு அடியிலேயே ஃபீட்பேக் டிராக்கை ஓட்டுங்கள். வெளியீடு எத்தனை வோல்ட் என்று ஐசி காது கொடுத்துக் கேட்கும் ஒரே வழி அது. அதில் கோளாறு கலந்தால், ஐசி தன் சொந்தக் கூச்சலைக் கேட்டுப் பதறி வெளியீட்டைத் திருத்த முயலும். திருத்தத் திருத்த இன்னும் ஆடும்.

படி 5: கண்டன்சர் மேல் அச்சடித்ததை வேதமாக நம்புங்கள்

போர்டில் 330 என்று போட்ட காயில், அதாவது 33 மைக்ரோஹென்றி, இருந்தால் நம் 12–5 வோல்ட் கணக்கில் அதில் ஏறி இறங்கும் மின்னோட்டம் சுமார் 0.6 ஆம்பியர். வெளியே நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்கு உள்ளே மறைந்திருக்கும் மின்தடை, அதாவது ஈஎஸ்ஆர், 0.1 ஓம் இருந்தால் வெளியீட்டில் ஏறி இறங்கும் வோல்ட், அதாவது ரிப்பிள், 60 மில்லிவோல்ட். எத்தனை மைக்ரோஃபாரட் என்று கூட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்த 0.1 ஓம் கண்ணில் படாது. நீங்களும் மைக்ரோஃபாரடை மட்டும் எண்ணுங்கள். அடாப்டருக்குப் பக்கத்தில் சூட்டில் வைத்து அந்தக் கண்டன்சரைக் காயவிட்டால் காலப்போக்கில் ஈஎஸ்ஆர் தானாக உயரும், பராமரிப்பே தேவையில்லை.

ஈஎஸ்ஆர் குறைந்த செராமிக்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், இருப்பதிலேயே சின்ன உருவமாக, வேலை செய்யும் வோல்ட்டை ஒட்டிய மதிப்பீடு உள்ளதாக வாங்குங்கள். 10 மைக்ரோஃபாரட் என்று விற்றது, மதிப்பிட்ட வோல்ட் ஏறியதும் பாதிக்கும் கீழே போகலாம். பிரித்துப் பார்த்தாலும் மல்டிமீட்டரில் 10 என்றே காட்டும். ஏனென்றால் மீட்டர் வோல்ட் ஏற்றிப் பார்ப்பதில்லை. சாட்சியே இல்லாத களவு இது.

இந்த 60 மில்லிவோல்ட்டால் என்ன கெடும் என்கிறீர்களா? 3.3 வோல்ட்டை 4,096 படிகளாகப் பிரித்துப் பார்க்கும் 12 பிட் ஏடிசிக்கு ஒரு படி 0.8 மில்லிவோல்ட். சென்சாருக்கு ரெகுலேட்டரிலிருந்தே நேராக மின்சாரம் கொடுத்து, ரிப்பிள் அப்படியே அளவீட்டில் ஏற வழிசெய்தால் எழுபதுக்கும் மேற்பட்ட படிகள் அதிலேயே மூழ்கும். பன்னிரண்டு பிட்டுக்குக் காசு கொடுத்து ஆறு பிட்டை மட்டும் அனுபவிக்கும் எளிய வாழ்க்கை உங்களுக்கு அமையும்.

படி 6: ஃபில்டர் போட்டுச் சிக்கலைப் பெரிதாக்குங்கள்

இரைச்சலைப் பார்த்த நண்பர் எவராவது ‘ஒரு ஃபெரைட் பீட் போடுங்க’ என்பார். உடனே போடுங்கள். 600 ஓம் என்று எழுதியிருப்பது 100 மெகாஹெர்ட்ஸில், மின்னோட்டமே இல்லாமல் அளந்தது. 150 கிலோஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ வெறும் கம்பி. ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் ஓடினால் பூரிதமாகி, தன் உயர் அதிர்வெண் வீரத்தின் பெரும்பகுதியையும் இழந்துவிடும். பின்னால் ஒரு நல்ல செராமிக்கும் சேர்ந்தால் இரண்டும் ஒத்ததிர்ந்து, ஏதோ ஓர் அதிர்வெண்ணில் இரைச்சலைப் பெருக்கியும் கொடுக்கும்.

உள்ளீட்டில் பெரிய காயிலும் கண்டன்சரும் போட்டு ஃபில்டர் கட்டுவது இன்னும் நுட்பமான கலை. ரெகுலேட்டர் ஒரு விசித்திரப் பிராணி. உள்ளே வரும் வோல்ட் குறைந்தால், வெளியே கொடுக்கும் வாட் குறையக் கூடாது என்பதற்காக அது அதிக மின்னோட்டம் இழுக்கும். அதாவது எதிர்மறை மின்தடைபோல நடந்துகொள்ளும். அடக்கும் தடை எதுவும் இல்லாத ஃபில்டரோடு இதைக் கோத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஊஞ்சலாடத் தொடங்கும். கால்டெக்கின் ஆர்.டி. மிடில்புரூக் 1976-லேயே இதை ஆராய்ந்து, ஃபில்டரின் மின்மறுப்பு ரெகுலேட்டருடைய உள்ளீட்டு மின்மறுப்பைவிட எல்லா அதிர்வெண்ணிலும் நன்கு குறைவாக இருக்க வேண்டும் என்று காட்டிவிட்டார். ஈஎஸ்ஆர் கொஞ்சம் உள்ள பழைய எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைப் பக்கத்தில் இணைத்தாலே பெரும்பாலும் ஆட்டம் அடங்கிவிடும். எனவே அதை மட்டும் இணைத்துவிடாதீர்கள்.

அதே எலக்ட்ரோலிட்டிக் இல்லாமல் உள்ளீட்டில் செராமிக் மட்டும் வைத்து, நீண்ட வயரில் 24 வோல்ட் சப்ளையைச் சட்டென்று செருகிப் பாருங்கள். வயரின் இண்டக்டன்ஸும் செராமிக்கும் சேர்ந்து ஒரு கணம் 48 வோல்ட்டை நெருங்கும். 40 வோல்ட் வரை தாங்கும் ஐசிக்கு அதன்பிறகு இரைச்சல் பிரச்சினையே இருக்காது.

படி 7: பின்னால் ஒரு 7805 வைத்துப் பாவத்தைக் கழுவுங்கள்

படி 1-இல் வெளியே அனுப்பிய லீனியர் ரெகுலேட்டரை இப்போது பின்வாசல் வழியாக அழைக்கலாம். வெளியீட்டை 8 வோல்ட்டாக வைத்து, அதன் பின்னால் 7805 போட்டால் எல்லா இரைச்சலும் வடிகட்டப்படும் என்று நம்புவது நமது மரபு. அதன் தகவலேட்டில் ரிப்பிளை ஆயிரம் மடங்குக்கும் மேல் அடக்கும் என்று போட்டிருக்கும். அளந்தது 120 ஹெர்ட்ஸில். 150 கிலோஹெர்ட்ஸில் அந்தத் திறமை வெகுவாகக் குறைந்துவிடும். மெகாஹெர்ட்ஸ் கணக்கில் வரும் கூர்முனைகளோ ஐசியைச் சுற்றியுள்ள கொள்ளளவு வழியாக, டிக்கெட் எடுக்காமலே மறுபக்கம் இறங்கிவிடும். பின்னால் லீனியர் வைப்பது கெட்ட யோசனை அல்ல. அது ரிப்பிளை மட்டுமே கவனிக்கும், கூர்முனையைத் தோன்றும் இடத்திலேயே அடக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிட வேண்டும்.

படி 8: ஸ்கோப்பை வைத்து உங்களையே ஏமாற்றுங்கள்

ஆஸிலோஸ்கோப் புரோபின் முதலை வாய்க் கிளிப், கையளவு நீளமுள்ள கிரவுண்டு வயரோடு வரும். அதைப் போர்டின் கடைக்கோடியில் கடிக்கவிட்டு, முனையை வெளியீட்டில் வையுங்கள். புரோபும் அந்த வயரும் சேர்ந்து அருமையான ஆண்டெனா. திரையில் அரை வோல்ட் கூர்முனைகள் தெரியும். அவற்றில் எத்தனை போர்டில் உள்ளவை, எத்தனை நீங்கள் பிடித்த வளையம் காற்றிலிருந்து பிடித்தவை என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் பரபரப்பு தொடர வேண்டுமானால் ஒரு சோதனையைத் தவிர்த்துவிடுங்கள்: புரோப் முனையை அதன் கிரவுண்டுக் கிளிப்பிலேயே தொட வைத்துப் போர்டுக்கு அருகே கொண்டுபோவது. அப்போதும் கூர்முனை தெரிந்தால் அது ரெகுலேட்டரின் வெளியீட்டில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. முதலை வாயைக் கழற்றிவிட்டு, முனையை ஒட்டிய சின்ன ஸ்பிரிங் கிரவுண்டால் வெளியீட்டுக் கண்டன்சரின் இரு காலிலேயே அளப்பவர்கள் இந்த உண்மையைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம்; அளக்கத் தெரியாத நாம் ஐசி கோணல் என்போம்.

படி 9: கிரவுண்டை வெட்டிப் பங்கு போடுங்கள்

அனலாகுக்கு ஒரு கிரவுண்டு, டிஜிட்டலுக்கு ஒரு கிரவுண்டு, ரெகுலேட்டருக்கு ஒரு கிரவுண்டு என்று போர்டைக் கூறு போட்டு, நடுவில் அகழி வெட்டுங்கள். பிறகு அந்த அகழிக்கு மேலேயே சிக்னல் கம்பியை ஓட்டுங்கள். போன மின்னோட்டம் திரும்பி வந்தே தீர வேண்டும். வேகமான மின்னோட்டம் தான் போன டிராக்குக்கு நேர் கீழேயே திரும்ப விரும்பும். அங்கே செம்பு இல்லாததால் ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். அது சுற்றிய பரப்பு எவ்வளவோ அவ்வளவு பெரிய ஆண்டெனா உங்களுக்கு இலவசம்.

இந்த ஓரிடத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் சார்ஜருக்குள், 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் பாலமாக ஒரு சின்னக் கண்டன்சர் இருக்கும். ஒய் வகை என்பார்கள். உள்ளே உருவாகும் இரைச்சலை யூஎஸ்பி வயர் வழியே வெளியே உலவவிடாமல் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை. சார்ஜ் ஏறும்போது போன் திரை தானாகத் தொடுகை உணர்ந்து தாவினால், சார்ஜரின் பொது (காமன் மோட்) இரைச்சல் சரியாக அடக்கப்படவில்லை என்பது முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். அதற்காக அந்தக் கண்டன்சரை மாற்றப் போகாதீர்கள். பழுதானாலும் இருபக்கமும் ஒட்டிக்கொள்ளாதபடி தனியாகத் தரச்சான்று பெற்ற வகை அது. அந்த இடத்தில் சாதாரணக் கண்டன்சர் வைத்தால் ஒரு நாள் 230 வோல்ட் போனைப் பிடித்த கைக்கு வரும். நல்ல சார்ஜராக வாங்கிவிடுங்கள்.

கேள்வி பதில்

*வேலை குறைவாக இருக்கும்போது என் போர்டு ‘கீ’ என்று மெல்லக் கத்துகிறது. பேயா?*
இல்லை. சுமை குறைந்தால் சில ரெகுலேட்டர்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இடையிடையே துடிப்புகளைத் தவிர்க்கும். அந்தத் தாளம் 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால் செராமிக் கண்டன்சர்கள் வோல்ட்டுக்கேற்பச் சுருங்கி விரிந்து போர்டையே ஒலிபெருக்கியாக்கும். ரெகுலேட்டரைத் துடிப்பு தவறாத முறைக்கு மாற்றினால் நின்றுவிடும். மாற்றாதீர்கள்.

*இன்னும் விலை உயர்ந்த ஐசி வாங்கினால் அமைதியாகிவிடுமா?*
கவலை வேண்டாம். படி 3-ஐ ஒழுங்காகச் செய்தவரை எந்த ஐசியாலும் காப்பாற்ற முடியாது. விலை உயர்ந்தவற்றில் பல இன்னும் வேகமாகத் திறந்து மூடுபவை. அதே வட்டத்தில் இன்னும் அதிகமாகத் துள்ளும்.

*அப்படியானால் அமைதியான ஸ்விட்சிங் ரெகுலேட்டர் என்று ஒன்று உலகத்தில் இல்லையா?*
வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறோம், உண்டு. லீனியர் டெக்னாலஜியில் இருந்த ஜிம் வில்லியம்ஸ் 1997-இல் எழுதிய ஒரு பயன்பாட்டுக் குறிப்பில், ஸ்விட்ச் திறந்து மூடும் விளிம்புகளை வேண்டுமென்றே மெதுவாக்கி, வெளியீட்டு இரைச்சலை 100 மைக்ரோவோல்ட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். கொஞ்சம் சூடு கூடும் என்பதே அதற்குக் கொடுத்த விலை.

எச்சரிக்கை: இவற்றில் எதையும் தவறிக்கூடச் செய்துவிடாதீர்கள்

உள்ளீட்டு செராமிக் கண்டன்சரை ஐசியின் காலை உரசும்படி வைப்பது.

கண்டன்சர், ஸ்விட்ச், டயோடு வட்டத்தை விரல் நகத்துக்குள் அடக்கி, அதற்கு நேர் கீழே வெட்டுப்படாத கிரவுண்டுத் தளத்தை விரிப்பது.

குதிக்கும் புள்ளியைச் சிறிதாக்கி, காயிலை மூடிய வகையாக வாங்கி, ஃபீட்பேக் டிராக்கை இரண்டுக்கும் எட்டாத ஓரமாகக் கொண்டுபோவது.

மணியடிக்கும் இடத்தில் ரெசிஸ்டரும் கண்டன்சருமாக ஒரு ஸ்னபர் ஜோடியைக் கட்டிப் போடுவது.

கடைசியாக, இருப்பதிலேயே ஆபத்தானது: போர்டு வரையும்போதே இதையெல்லாம் யோசிப்பது. அந்தக் கட்டத்தில் கண்டன்சரை ஒரு சென்டிமீட்டர் நகர்த்த ஒரு பைசா செலவாகாது. ஆகவே ஆசை வரத்தான் செய்யும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருங்கள். போர்டு அச்சாகி வந்துவிட்டால், அதன்பின் எவ்வளவு யோசித்தாலும் பாதகமில்லை.